நான்காவது கிணறு

பிள்ளைகள் அளந்து எழுதிக்கொண்டு வந்த ஒரு கிணற்றின் அளவைச் சிவப்பு மையால் அடித்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. எனக்கு வேண்டிய விடை அதில் இல்லை, அவ்வளவுதான் காரணம். அடித்ததோடு நிற்கவில்லை. அப்படி ஒரு கிணற்றை அளக்கவே இல்லை என்று அந்தப் பிள்ளைகளைச் சொல்லவும் வைத்தேன். அறிவியல் வாத்தியாராக நான் செய்த குற்றங்களில் இதுதான் பெரியது. யாரும் கேட்காமலே இதை எழுதுகிறேன். கேட்க வேண்டியவர்களுக்குக் குற்றம் நடந்ததே தெரியாது. தப்பு தங்கள் கயிற்றில்தான் என்று அவர்களை நம்பவைத்துவிட்டேன்.

மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிரம்பெடுக்கிற வாத்தியாராக நான் இருந்ததில்லை. பயிற்சி முடித்து வேலைக்கு வந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போவேன். 1987 முதல் வந்துகொண்டிருந்த ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழை வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். கைக்குக் கிடைக்கிற சாமானில் அறிவியல் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தாவின் பொம்மைகளைச் செய்து பார்த்துப் பழகியவன். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சியில் முக்கோணம். அமுக்கிப் பார், அசையாது. நான்கு குச்சியில் சதுரம். தொட்டாலே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். கூரைக்கும் பாலத்துக்கும் ஏன் முக்கோணமாகக் கம்பி கட்டுகிறார்கள் என்பது அந்த இரண்டு ரூபாய்ச் சாமானில் விளங்கிவிடும். திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டு நடுவில் இருந்த எங்கள் பள்ளியில் அந்த நாளில் சோதனைக்கூடம் கிடையாது. ஒரு மஞ்சப்பைதான் என் சோதனைக்கூடம். பையைத் தூக்கிக்கொண்டு நான் வகுப்புக்கு வந்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அந்தக் கைதட்டலில்தான் நான் கெட்டேன். முக்கோணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். ஆனால் கொடுக்கும்போதே, “அமுக்குங்க, அசையாது பாருங்க” என்று சொல்லிவிடுவேன். அசையுமா அசையாதா என்று அவர்களாகக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் விட்டதில்லை. கை அவர்களுடையது, விடை என்னுடையது. இதைத்தான் செய்து கற்றல் என்று பல காலம் நம்பியிருந்தேன்.

மெழுகுவர்த்திச் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துபோக, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டது என்பார்கள். நானும் அதையேதான் சொன்னேன். டம்ளரை ஐந்து சம பங்காகப் பிரித்து ரப்பர் பேண்ட் மாட்டியிருப்பேன். தண்ணீர் முதல் ரப்பர் பேண்டில் சரியாக வந்து நிற்கும். வகுப்பே ஆர்ப்பரிக்கும்.

அது தானாக நிற்கவில்லை. எந்த உயரத்து மெழுகுவர்த்தி, எவ்வளவு தண்ணீர், டம்ளரை எவ்வளவு வேகமாகக் கவிழ்க்க வேண்டும் என்று வீட்டில் செய்து பார்த்து, ஐந்தில் ஒரு பங்கு வருகிற மாதிரி சரிபண்ணி வைத்திருந்தேன். நீளமான மெழுகுவர்த்தி என்றால் ஓர் அளவு, குட்டை என்றால் வேறு. இரண்டு மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் மேலே போகும். ஆக்சிஜன் கணக்குத்தான் காரணமென்றால் ஒன்று வைத்தாலும் இரண்டு வைத்தாலும் ஒரே உயரம்தானே வர வேண்டும்? இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வகுப்பில் எப்போதும் ஒன்று மட்டும் வைத்தேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, முன்வரிசை கூட இல்லை, எழுந்து கேட்டது: “சார், மெழுகு எரியும்போது தண்ணி ஏறலையே? அணைஞ்ச பிறகுதானே குபுக்குனு ஏறுது?”

அந்த ஒரு கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறியும் விடுகிறது. கவனித்துப் பார்த்தால் விளிம்பில் குமிழி தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதும் இல்லை. காற்றில் அது 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனில் பெரும்பகுதிக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது. ஐந்தில் ஒரு பங்கு கணக்கு இதில் எங்குமே பொருந்தாது. அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததை நம்பியது. நான், “புத்தகத்துல இருக்கிறத முதல்ல எழுதும்மா” என்றேன். அது உட்கார்ந்து எழுதியது. அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க அது ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பாடத்திட்டம், தேர்வு, மேலதிகாரி வருகை என்று காரணங்கள் சொல்லலாம். அவற்றிலெல்லாம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் யாரும் என்னை ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்லவில்லை. சோதனை கைகொடுக்காமல் போய், பிள்ளைகள் முன் நான் விழித்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்தேன். “தெரியலையே, வாங்க பாப்போம்” என்ற வார்த்தை எனக்கு வாயில் வராது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 2002-இல் அரசு நிறுத்தும்வரை ஓர் அறிவியல் கல்வித் திட்டம் நடந்தது. ‘பால வைக்ஞானிக்’ என்ற அவர்களுடைய பயிற்சி நூலில் சோதனையும் கேள்வியும் இருக்கும், விடை இருக்காது. வகுப்பே செய்து பார்த்து, பேசி, ஒரு முடிவுக்கு வர வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதலாம். நான் இதைப் படித்திருந்தேன், கூட்டங்களில் மெச்சிப் பேசியும் இருக்கிறேன். பேசிவிட்டு வந்து ரப்பர் பேண்டை மாட்டினேன்.

இப்படிப் பழகிய கைதான் 2016-இல் அந்தக் கிணற்றை அடித்தது.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது. கண்மாயில் ஆடு மேய்ந்தது. வைகையில் மணல் மட்டும்தான். டீக்கடையில், பஸ்ஸில், ஊர்க்கூட்டத்தில் எங்கே போனாலும் ஒரே பேச்சு, சீமைக் கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றில் இருக்கிற ஈரத்தையும் விடுவதில்லை, அதனால்தான் மழையே இல்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம்வரை அந்த முள்தான். மாவட்ட அளவில் பிள்ளைகளுக்கான ஓர் ஆய்வுப் போட்டி அறிவிப்பு வந்தது. தலைப்பை நானே எழுதிவிட்டேன்: சீமைக் கருவேலத்தால் கிணற்று நீர்மட்டம் குறைகிறது. ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு எழுதியாகிவிட்டது.

எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்து பேர். நான்கு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தோம். வாரம் ஒரு முறை போய், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். முதல் நாளே அவர்களுக்குள் சண்டை. உயரமான பையன் போட்ட முடிச்சுக்கும் குள்ளமான பையன் போட்ட முடிச்சுக்கும் இடைவெளி வேறு. யார் முழத்தை வைத்துக்கொள்வது? என்னிடம் வரவில்லை. ஒரு பெண் பிள்ளையின் முழத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டு, கயிறு முழுவதும் அந்தப் பிள்ளையே முடிச்சுப் போட்டது. நனைந்தால் கயிறு சுருங்குமா என்று ஒருவன் கேட்க, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் பள்ளி ஸ்கேலை வைத்து மறுபடி அளந்தார்கள். கல் தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒருவன், குனிந்து பார்க்க ஒருவன், நோட்டில் எழுத ஒருத்தி என்று முறை வைத்துக்கொண்டார்கள். அளவு எடுப்பது எப்படி என்று நான் நாற்பது நிமிஷ வகுப்பு நடத்தினாலும் இதில் பாதி வந்திருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துத்தான் பிற்பாடு தப்பாக அளந்தீர்கள் என்று சொன்னேன்.

மூன்று கிணறுகள் வெள்ளாமை நடக்கிற தோட்டங்களில் இருந்தன. நான்காவது கிணறு, சொந்தக்காரர் திருப்பூருக்குப் போய்விட்ட ஒரு புஞ்சையில், முள்காட்டுக்கு நடுவே இருந்தது. நான் நினைத்ததன்படி அதில்தான் தண்ணீர் ஆழத்தில் கிடக்க வேண்டும். வாராவாரம் அதில்தான் தண்ணீர் மேலே இருந்தது. மற்ற மூன்றைவிட ஏழெட்டு முழம் மேலே.

நோட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல். “கல்லு எங்கயாவது மாட்டியிருக்கும். திரும்பப் போய் அளந்துட்டு வாங்க” என்றேன். முள் குத்திக் குத்தி, கைகாலெல்லாம் கீறலோடு மறுபடி போய் வந்தார்கள். அதே அளவு.

அப்போது கயிறு பிடிக்கிற பையன் சொன்னான்: “சார், அங்க யாரும் மோட்டார் போடுறதில்ல சார். மத்த மூணுலயும் கரண்ட் வந்தா ஓடிக்கிட்டே இருக்கு. அதான் தண்ணி கிடக்கு.”

பக்கத்தில் நின்ற பெண் பிள்ளை, அவளுடைய அப்பா கரிமூட்டம் போடுகிறவர், இன்னும் ஒரு படி மேலே போனாள். “முள்ளு வந்ததால வெள்ளாமை போகல சார். வெள்ளாமைய விட்டதாலதான் முள்ளு வந்துச்சு.”

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். இரண்டு விஷயங்கள் ஒரே இடத்தில் காணப்பட்டால் ஒன்று மற்றதற்குக் காரணமென்று சொல்லிவிட முடியாது, நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கலாம், காரணமும் விளைவும் தலைகீழாகவும் இருக்கலாம் என்பதைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறவர்கள் தடுமாறித்தான் கற்றுக்கொள்கிறார்கள். இவர்கள் முள்காட்டில் நின்றுகொண்டு தாங்களாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. மோட்டார் ஓடாத, முள்ளும் இல்லாத ஒரு கிணறு ஊரில் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிற முள்காட்டுக் கிணறு இருக்கிறதா, தேடுங்கள் என்று அனுப்பியிருக்க வேண்டும். நல்ல ஆய்வு அங்கேதான் தொடங்கியிருக்கும். அந்த மரம் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று முடிவு வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நிலத்தை வளைத்துக்கொண்ட மரம். கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது, வேறு செடியை எழவிடுவதில்லை. ஆனால் எங்கள் நான்கு கிணறுகளை வைத்து நான் எழுதிய தலைப்பை நிறுவ முடியாது. அதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

போட்டிக்கு நாள் நெருங்கியிருந்தது. நான்காவது கிணற்றின் வரிசையை அடித்தேன். அந்த இடத்தில் கண்மாய்க் கரையில், முள்ளுக்குப் பக்கத்தில், எப்போதோ வற்றிப்போன ஒரு கிணற்றைச் சேர்த்தேன். அதை ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. வாராவாரம் அளந்ததாக எண்களைப் போட்டது என் கைதான். வெள்ளாமைக் கிணறு மூன்றில் ஒன்றையும் எடுத்துவிட்டேன், வரைபடம் அழகாக வரும் என்பதற்காக. சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டதும் நான்தான். பேச வேண்டியதை எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னேன். “அப்ப நாங்க அளந்தது தப்பா சார்?” என்று பையன் கேட்டான். “தப்பாத்தான்டா இருக்கும், கயிறு சரியில்ல” என்றேன்.

போட்டியில் நடுவர் ஒருவர் பரிவாகத்தான் கேட்டார், எத்தனை கிணறு அளந்தீர்கள் என்று. கரிமூட்டக்காரர் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். “மூணு சார்” என்றாள். நடுவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட காகிதத்தைத்தான் அவர்கள் பார்த்தார்கள். எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. பள்ளி ஆண்டுவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பாடத்தை ஒப்பிக்கச் சொல்கிற வாத்தியார் பிள்ளைகளிடம் பொய் சொல்லச் சொல்வதில்லை. புத்தகத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்கிறார். நான் கயிறும் கல்லும் நோட்டும் கொடுத்து, கண்ணால் பார்க்க வைத்து, பிறகு பார்த்ததை இல்லையென்று சொல்லச் சொன்னேன். விளையாட்டாகவும் செய்முறையாகவும் சொல்லிக் கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் தமிழக அரசு வானவில் மன்றத்தைத் தொடங்கியபிறகு ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையிலான பிள்ளைகளுக்காகக் கருத்தாளர்கள் சாமான்களோடு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். அந்த இளைஞர்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்களிடம் என் மெழுகுவர்த்தியைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் சொல்கிறேன். ஒரு சிலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பையிலும் ரப்பர் பேண்ட் இருக்கலாம்.

என் கை இன்னும் திருந்தவில்லை. ஓய்வு பெற்றபின், நிழலில்லா நாளைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போயிருந்தேன். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9.9 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறை, சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, மதுரை 78.1-இல் இருக்கிறது. அதனால் ஏப்ரலில் உச்சிப்பொழுது பகல் 12.17 வாக்கில்தான் வருகிறது. தண்ணீர் பாட்டிலை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், ஒரு பக்கம் மெல்லிய நிழல் தங்கிவிட்டது. தரை சமமாக இல்லை. என் கை அட்டைத் துண்டைத் தேடிப் போனது, அடியில் முட்டுக்கொடுக்க. ஒரு சிறுவன், “தொடாதீங்க தாத்தா, எதனால நிழல் விழுதுன்னு பாப்போம்” என்றான். கையை எடுத்துக்கொண்டேன். இன்னொருத்தி, நேற்றைக்கும் இப்படித்தான் இருந்தது, அப்படியானால் எது நிழலில்லா நாள் என்று கேட்டாள். ஒரு நாளில் சூரியன் நகர்வது மூன்றில் ஒரு பாகை அளவு, ஒரு சாண் உயரப் பாட்டிலில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். விடை எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் நீளமான கம்பியை நட்டுப் பார்க்கலாமா என்று அவர்களே பேசிக்கொள்ளும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்குச் சுலபமாக இல்லை.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தன் எல்லைக்குட்பட்ட மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. எங்கள் ஊருக்கும் ஜேசிபி வந்தது. அந்தப் புஞ்சை முள்காடு சில நாளில் வெட்டவெளியானது. ஏப்ரல் கடைசியில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு மரம் வெட்ட இடைக்காலத் தடை விதித்தது. இந்த மரம் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்பதற்கு முறையான ஆய்வு இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழுந்தது. நிபுணர் குழு போட்டார்கள், பிறகு தடை விலகியது. பேப்பரில் அதைப் படித்த அன்றைக்கு எனக்கு உறைத்தது. முள் இருந்தபோது அந்தக் கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர் கிடந்தது என்ற கணக்கு வாரவாரியாக எங்கள் நோட்டில் இருக்கிறது. வெட்டின பிறகும் மோட்டார் ஓடாத அதே கிணறுதான். இறங்கி அளந்துகொண்டே வந்திருந்தால், அந்த ஒரு கிணற்றைப் பொறுத்தவரையாவது, மரம் என்ன செய்தது என்று ஐந்து பிள்ளைகளால் சொல்லியிருக்க முடியும். கயிறு பள்ளி பீரோவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. அந்தக் கிணற்று அளவு தப்பு என்று நான் சொல்லியிருந்தேன்.